குதிரையாக ஆசைப்பட்ட சிப்பாய்

போன கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், நான் ஆடி முடித்த ஓர் ஆட்டத்தைக் கைபேசிக்குள் இருக்கும் இன்ஜினுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, "தாத்தா, நீங்க ரெண்டாவது மூவ்லயே காலி" என்றான். திரையின் ஓரத்தில் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு பட்டை நின்றது. கறுப்புக்கு ஆடிய நான், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், அந்தப் பட்டையில் வெள்ளை, அடுப்பில் மறந்துவிட்ட பால் மாதிரி விறுவிறுவென்று ஏறிவிட்டது. 47 வருஷமாக என் அறிவுக்கு ஒரே அத்தாட்சியாக நான் நினைத்து வந்த நகர்த்தல் அது. பையனுக்குப் பதினோரு வயது. திட்டவும் முடியவில்லை, விளக்கவும் முடியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அந்த நகர்த்தல் எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் பாளையங்கோட்டையில் ஒரு வாடகை சைக்கிள் கடையிலிருந்து தொடங்க வேண்டும். மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்டு, யார் எத்தனை மணிக்கு எடுத்தான் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, நோட்டில் எழுதிய நேரத்தை மறந்துபோகிற அளவுக்குச் சதுரங்கத்தில் மூழ்கிக் கிடந்த ஓர் அண்ணாச்சியின் கடை. கடைப்படியில் சிமெண்டிலேயே அறுபத்து நான்கு கட்டமும் கீறி வைத்திருந்தார். தொலைந்துபோன யானைக்குப் பதிலாக ஒரு வால்வு மூடி நிற்கும். இன்னொரு மூலையில் நிஜ யானையே நிற்கும். இரண்டுக்கும் ஒரே மரியாதை. அவர் ஆடியது நம்மூர்ச் சட்டப்படி. சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் வைக்கும். செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டிக்கொள்ளலாம். எதிர்க்கரை சேர்ந்த சிப்பாய் எந்த வீட்டில் ஏறியதோ அந்த வீட்டுக்காரனாக மாறும். யானை வீட்டில் ஏறினால் யானை, மந்திரி வீட்டில் ஏறினால் மந்திரி. இஷ்டத்துக்கு ராணியாகிக்கொள்வதெல்லாம் கிடையாது.

1972இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியபோதுதான் உலகம் வேறு சட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்குத் தெரியவந்தது. பன்னிரண்டு வயதில் நான் உலகச் சட்டத்துக்குக் கட்சி மாறினேன். மாறியவனுக்கே உரிய கர்வமும் வந்தது. அண்ணாச்சியைப் பழைய பஞ்சாங்கம் என்று மனசுக்குள் ஒதுக்கிவிட்டு, சாயங்காலம் ஆனால் அதே படியில் போய் உட்கார்ந்து அவரிடமே தோற்றேன்.

மாவட்ட நூலகத்தில் தடித்த ஓப்பனிங் புத்தகம் ஒன்று இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள். 1978இல், கல்லூரி முதல் வருஷம், மத்தியான வகுப்புகளைத் தியாகம் செய்து, ஒரு நீள நோட்டில் அதைக் கையாலேயே நகலெடுத்தேன். அந்தக் காலத்துக் குறிப்பு முறையே அலாதி. இன்றைக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எழுத்து, ஒரு எண், ஒரே முகவரி. அன்றைக்கு அவரவர் வீட்டு வாசலிலிருந்து எண்ண வேண்டும். எனக்கு ராஜா வரிசையில் நான்காவது கட்டமாக இருப்பது உனக்கு ஐந்தாவது கட்டம். ஒரே தெருவுக்கு வடக்கேயிருந்து ஒரு பெயர், தெற்கேயிருந்து ஒரு பெயர் என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது? 1981இல் உலகச் சம்மேளனம் அந்த முறையை அங்கீகாரத்திலிருந்து எடுத்துவிட்டது. எடுத்தது நியாயம்தான். ஆனால் இப்போதும் ஆட்டத்தில் சிக்கலான இடம் வந்தால் என் மனசு பழைய முகவரிகளில்தான் கதவைத் தட்டுகிறது.

அந்தப் புத்தகத்தில்தான் ஆல்பினைச் சந்தித்தேன். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை வெள்ளை இரண்டு கட்டம் தள்ளும், கறுப்பும் அதேபோல் தள்ளும், வெள்ளை பக்கத்துச் சிப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து 'வேண்டுமானால் வெட்டிக்கொள்' என்று நீட்டும். நாகரிகமான உலகம் இதற்கு இரண்டு பதில் சொல்லும்: வாங்கிக்கொள்ளும், அல்லது அடக்கமாகத் தன் சிப்பாய்க்கு முட்டுக் கொடுக்கும். ஆல்பின் மூன்றாவதாக ஒன்று செய்தார். பந்தியில் பரிமாற வந்தவன் இலையிலேயே பதிலுக்கு ஒரு கரண்டி வைக்கிற மாதிரி, தன் ராஜாச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி 'நீ முதலில் சாப்பிடு' என்றார். வெள்ளை அதை வெட்டும். வெட்டிய கையோடு கறுப்பின் இன்னொரு சிப்பாய் ஓர் அடி முன்னேறி, வெள்ளையின் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும். ஒரு சிப்பாய் நஷ்டம், ஒரு முள் லாபம். ஆல்பின் கவுண்டர் கேம்பிட்.

"ஆல்பினா? யாரு, தூத்துக்குடிப் பயலா?" என்று அண்ணாச்சி கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் சர்ச்சுக்கு ஒருவராவது இருப்பார்கள். இல்லை, அடால்ஃப் ஆல்பின், ருமேனியாக்காரர், 1893இல் நியூயார்க்கில் லாஸ்கருக்கு எதிராக இதை ஆடினார் என்றேன். "ஜெயிச்சாரா?" என்றார். அதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. அந்தப் போட்டியில் லாஸ்கர் ஆடிய 13 ஆட்டங்களிலும் ஜெயித்தார். ஆல்பினோடு ஆடியதும் அதில் அடக்கம். அதற்கும் பன்னிரண்டு வருஷம் முன்னால், 1881இலேயே, மிலானில் ஒருவர் இதை ஆடிவிட்டார் என்பது பிற்பாடு நான் படித்தது. ஆக, முதலில் ஆடியவருக்குப் பெயர் இல்லை, தோற்றவர் பெயரில் ஓப்பனிங் இருக்கிறது, அதற்குள் ஒளிந்திருக்கும் மிக அழகான பொறிக்கு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஜெயித்த லாஸ்கரின் பெயர். சொத்துத் தகராறு நம் ஊரில் மட்டும் இல்லை.

அந்தப் பொறிக்காகத்தான் இத்தனையும். தொண்டையில் நிற்கும் முள்ளை உடனே எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டு, நான்காவது நகர்த்தலில் வெள்ளை தன் ராஜாச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினால் போதும். கறுப்பு மந்திரி வந்து செக் சொல்லும். வெள்ளை மந்திரி குறுக்கே விழும். கறுப்பு தன் மந்திரியைப் பற்றிக் கவலைப்படாமல் சிப்பாயால் சிப்பாயை வெட்டும். வெள்ளை ஆசையாக மந்திரியை வெட்டும். சிப்பாய் இன்னொன்றை வெட்டி ராஜாவுக்கே செக் சொல்லும். ராஜா அதைத் தொட முடியாது, தொட்டால் ராணி போய்விடும். ராஜா ஒதுங்குவார். இப்போது சிப்பாய் மூலைப்பக்கம் நிற்கும் குதிரையை வெட்டிக் கடைசி வரிசையில் ஏறும். இங்கே ராணியானால் பிரயோசனமில்லை, ஏனென்றால் ராணி அங்கிருந்து செக் சொல்ல முடியாது. வெள்ளை பழைய ராணியைப் பறித்துக்கொண்டு, அப்புறம் நிதானமாகப் புது ராணியையும் பறித்துவிடும். அதனால் சிப்பாய் ராணியாகாமல் குதிரையாகும். குதிரை செக். அதை யானையால் வெட்டினால் அடுத்த மந்திரி வந்து ராஜாவையும் அவருக்குப் பின்னால் நிற்கும் ராணியையும் ஒரே கம்பியில் கோத்துவிடும்.

ஏழாவது நகர்த்தலில், ராணியாகும் யோகம் வந்தும் குதிரை போதும் என்று சொல்லும் சிப்பாய்! பதினெட்டு வயதில் இதைவிடப் பெரிய கவிதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நூலகத்திலிருந்து நேரே சைக்கிள் கடைக்கு ஓடி, சிமெண்டுப் படியில் காய்களை அடுக்கி, வால்வு மூடி உட்பட எல்லாரையும் அவரவர் இடத்தில் நிறுத்தி, மூச்சுவாங்க அண்ணாச்சிக்கு ஆடிக் காட்டினேன். கடைசியில் சிப்பாயை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தபோது என் கை நடுங்கியது. அண்ணாச்சி பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"குதிரை வீட்டுக்குப் போனா குதிரைதானல ஆகும்? இதுல என்ன அதிசயத்தக் கண்ட?"

ஐரோப்பா ஆச்சரியப்பட்ட விஷயம் எங்கள் தெருவில் வெறும் சட்டம். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை.

எப்படியும் யாராவது ஒருவர் அந்த நான்காவது நகர்த்தலை ஆடத்தான் போகிறார்கள், நான் காத்திருப்பேன் என்று முடிவு செய்தேன். மாவட்டப் போட்டிகளில் கறுப்பு கிடைத்தால் பிரார்த்தனைதான். மற்றவர்கள் எல்லாரும் வெள்ளை கிடைக்க வேண்டுவார்கள். நான் ஒருவன்தான் கறுப்பு கேட்டேன். சாவி கொடுக்கும் கடிகாரங்கள் மேல்வரிசைப் பலகைகளுக்கு மட்டும்தான் இருக்கும். அவை டிக்டிக் என்று அடித்துக்கொள்வதையும், நேரம் நெருங்க நெருங்கச் சின்னச் சிவப்புக் கொடி மெல்லத் தலைதூக்குவதையும் கீழ்வரிசையில் உட்கார்ந்து ஏக்கத்தோடு பார்த்திருக்கிறேன். 1979இல் ஒரு போட்டியில் என் ஆசை நிறைவேறும் கட்டம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர், கனமான கண்ணாடி போட்ட ஒரு அண்ணன், முள்ளையே முறைத்துப் பார்த்தார், பார்த்தார், கையை நீட்டி ராஜாச் சிப்பாயைத் தொட்டார். தொட்டால் ஆடியாக வேண்டும். அந்த நேரத்தில் நான் செய்த காரியம், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பல்லெல்லாம் தெரிய. அவர் என் சிரிப்பைப் பார்த்தார், சிப்பாயைப் பார்த்தார், "அட்ஜஸ்ட் பண்றேன்" என்று அதைக் கட்டத்தின் நடுவில் ஒழுங்காக நிறுத்திவிட்டுக் குதிரையை எடுத்து ஆடினார். தொடுவதற்கு முன்னால்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நடுவரைக் கூப்பிட எனக்கு வெட்கம். 26ஆவது நகர்த்தலில் தோற்றேன்.

குதிரையை எடுத்து ஆடுவதுதான் சரியான பதில் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. காரணம், நூலகப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். பொறி இருக்கும் பக்கம் முழுசாக இருந்தது, பொறியிலிருந்து தப்பிக்கிற பக்கம் இல்லை. அதனால் இரண்டு வருஷம் இந்த ஓப்பனிங்கில் கறுப்புக்கு எப்போதும் ஜெயம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கிழித்தவர் யாரென்று தெரிந்தால் இப்போதும் ஒரு நன்றி சொல்வேன். அந்த இரண்டு வருஷம் மாதிரி ஒரு நிம்மதி அப்புறம் வரவில்லை.

உண்மை தபாலில் வந்தது. 1980இல் பொள்ளாச்சியில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரோடு தபால் அட்டைச் சதுரங்கம் தொடங்கினேன். 15 பைசா கார்டு. 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்கும். நடுவில் ஒரு நகர்த்தல் இருக்கும். அங்கே மழை எப்படி என்று முடியும். நான் ஆல்பினை நீட்டியதும், 'தாங்கள் அளித்த சிப்பாயை நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினார். அடுத்த கார்டில் என் முள்ளை அனுப்பி வைத்தேன். அதற்கான பதிலுக்காக ஒன்பது நாள் தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கினேன்; காதலிக்கிறேன் என்று வீட்டில் சந்தேகப்பட்டார்கள். வந்த கார்டில் குதிரை இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. 'ஐயா, இதற்குமேல் என் புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கிறது' என்று உள்ளதை எழுதிவிட்டேன்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தன்னிடமிருந்த புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தை அப்படியே ஓர் இன்லாண்டு லெட்டரில் நுணுக்கி நுணுக்கி எழுதி அனுப்பினார். எதிராளிக்கு! குதிரையைக் கொண்டுவந்து, ராஜா பக்கத்து மந்திரியை மூலைவழியாக ஏற்றி, முள்ளைச் சுற்றி வளைத்து வெள்ளை எப்படி நிதானமாகச் சாப்பிடும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி, 'வெள்ளைக்கு நல்ல நிலை.' சிவப்பு மையால் அடிக்கோடு. பேரனின் பட்டை இன்று அரை நொடியில் சொல்வதும் இதே வாக்கியம்தான், நியாயமாகப் பார்த்தால். பதினான்கு மாதம் ஆடி அவரிடம் தோற்றேன். கடைசிக் கார்டில் அவர் ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொள்ளாச்சியில் நல்ல மழை.

தெரிந்த பிறகாவது விட்டேனா என்றால் இல்லை. வேலை கிடைத்து மெட்ராசுக்குப் போனபோது, சோவியத் கலாசார மையத்தில் மானுவல் ஆரோன் 1972இல் தொடங்கிய டால் செஸ் கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை போனேன். பிளிட்ஸ் நடந்துகொண்டிருந்தது, ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவான். நான் எழுந்து போவதற்கென்றே உட்கார்ந்த மாதிரி இருந்தது. அரை டிராயர் போட்ட ஒரு பையன் என் ஆல்பினை மூன்று நிமிஷத்தில் கலைத்தான். அது ஆனந்த் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், என் வயசுக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் அது வேறு பையன். பிற்பாடு மொரோசெவிச் என்ற ரஷ்ய கிராண்ட்மாஸ்டர், குதிரையை ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும் ஒரு வழியோடு, பெரிய பெரிய ஆட்களுக்கு எதிராக ஆல்பினை ஆடி ஜெயிக்கவும் செய்தார். செய்தியை வெட்டி எடுத்து வந்து மனைவியிடம் காட்டி, "பார், இவரும் என் ஓப்பனிங்தான்" என்றேன். "அவரும் பேங்க்லயா இருக்கார்?" என்றாள்.

நடுவில் ஒரு முப்பது வருஷம் கடன் மனுக்களிலும் இடமாற்றல்களிலும் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தால் ஊரே ஆடிக்கொண்டிருக்கிறது. 1988 வரைக்கும் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லாத தேசத்தில் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள்; வேட்டி கட்டிய குதிரை ஒன்று 'தம்பி' என்ற பெயரில் சுவருக்குச் சுவர் கும்பிடு போட்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்த வயதில் நான் கிழிந்த பக்கத்தை நம்பிக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடியில் எட்டு வயதுக் குழந்தைகூட, ஆல்பின் என்று நான் ஆரம்பிப்பதற்குள், 'ஆமா அங்கிள், லாஸ்கர் டிராப், அண்டர்புரமோஷன்' என்று முடித்து வைக்கிறது. ரகசியம் வைத்திருக்கும் சுகம் போய்விட்டது.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் பேரன் என் கைபேசியில் ஒரு செஸ் ஆப்பை ஏற்றி, என் வயசை உத்தேசித்து எழுத்தைப் பெரிசாக்கி, இன்னும் என்னென்னவோ சௌகரியங்கள் செய்து கொடுத்துவிட்டுப் போனான். போன மாசம் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்தேன். பத்து நிமிஷ ஆட்டம். எதிராளி யாரோ, எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு தீவு நாட்டின் கொடி. எனக்குக் கறுப்பு. ஆல்பின். அவன் வெட்டினான், நான் முள்ளை வைத்தேன். வழக்கம்போலக் குதிரைக்காகக் காத்திருந்தேன். அவன் ராஜாச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தள்ளித்தான் இருந்தான். சிரிப்பு வந்தது, இந்தத் தடவை தாராளமாகச் சிரித்தேன், பார்க்க யாருமில்லை. மந்திரி செக். அவன் மந்திரி குறுக்கே விழுந்தது. வெட்டினேன். அவன் என் மந்திரியை வெட்டினான். மறுபடி வெட்டினேன், செக். ராஜா ஒதுங்கினார். 47 வருஷம். விரலால் சிப்பாயை இழுத்துக் குதிரை வீட்டில் விட்டேன்.

அது ராணியாக மாறியது.

கேட்கவே இல்லை. சிப்பாய் கரையேறினால் யாராக இருந்தாலும் ராணியைத்தானே கேட்பார்கள் என்று, ஆப்பில் தானாகவே ராணியாக்கும் ஒரு வசதி இருக்கிறதாம். தாத்தாவுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று பேரன் அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். தீவுக்காரன் என் பழைய ராணியைப் பறித்துச் செக் சொன்னான், நான் ராஜாவால் வெட்டினேன், பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத என் புது ராணியை அவன் யானை தூக்கிக்கொண்டு போயிற்று. எண்ணிப் பார்த்தால் ஆட்டம் சரிசமம்தான். ஆனால் அதற்குமேல் எனக்கு ஆடத் தெம்பில்லை, தோற்றேன்.

'மறு ஆட்டம்?' என்று திரையில் வந்தது. சம்மதித்தால் நிறம் மாறிவிடும், எனக்கு வெள்ளை. வெள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இருந்தாலும் அமுக்கினேன். ராணிச் சிப்பாயைத் தள்ளினேன், அவனும் தள்ளினான். பக்கத்துச் சிப்பாயை நீட்டினேன். அவன் ராஜாச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். இடையில் கிடைத்த அரை நிமிஷத்தில், முந்தின ஆட்டத்தை அவன் இன்ஜினிடம் காட்டி, நான் எங்கே தவறினேன் என்று பார்த்திருக்க வேண்டும். நூலகம் இல்லை, நீள நோட்டு இல்லை, இன்லாண்டு லெட்டர் இல்லை. நான் வெட்டினேன். அவன் முள்ளை வைத்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் எனக்கு மனப்பாடம். குதிரையை எடுத்திருக்கலாம். நான் ராஜாச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். மந்திரி வந்து செக் சொன்னது. என் மந்திரியைக் குறுக்கே போட்டேன். வெட்டினான், வெட்டினேன், வெட்டினான். ராஜாவை ஒதுக்கினேன். ஒரு கணம் அவன் பக்கம் எதுவும் நடக்கவில்லை. அங்கே அவனுக்கு நான்கு காய்களின் பட்டியல் வந்திருக்கும். அப்புறம், அண்ணாச்சி சொன்ன மாதிரியே, குதிரை வீட்டில் ஒரு குதிரை வந்து நின்றது.

எனக்கு இன்னும் எட்டு நிமிஷத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அவ்வளவையும் பார்த்துத் தீர்த்தேன்.